மைதானத்தில் ஓடிய ப்ரோக்ராம்

டிரில் மாஸ்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஆகாது. ஏன் என்று கேட்டால் கண் கெட்டுப்போகும், கழுத்து வளைந்துபோகும், பிள்ளைகள் மேல் வெயிலே படாது என்று விரலை மடக்கி மடக்கி அடுக்குவார். உண்மைக் காரணம் வேறு. அவருக்கு அதை எப்படிப் போடுவது என்றே தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு விசிலை வைத்துக்கொண்டு ஒரு மைதானத்தையே ஆண்டுவந்த மனுஷன், எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் போய்க் கேட்பாரா? மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

அப்படிப்பட்டவருடைய தலையில்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டர் வந்து விடிந்தது.

அன்றைக்கு ஆசிரியர் கூட்டம். பெரிய டீச்சர் ஒரு வரைபடத்தை மேசைமேல் விரித்து, அது சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலைக்கும் நான்கு டீ டம்ளரை வைத்தார். தலைமையாசிரியையை அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பெரிய டீச்சர் என்றுதான் சொல்வார்கள். ஆள் என்னவோ ஐந்தடிக்கும் கீழேதான். ஆசைதான் பெரிசு. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மாடியில் கம்ப்யூட்டர் கட்டடம் வரப்போகிறதாம். மேலிடத்தில் பேசி முடித்தாயிற்றாம். அடுத்த மாதம் பத்தாம் தேதி ஆய்வாளர் வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் மறுநாளே மண் தோண்டும் வண்டி வந்துவிடுமாம்.

"இடம் எங்கங்க டீச்சர்?" என்று கேட்டார் டிரில் மாஸ்டர்.

"நம்மகிட்ட வேற ஏது இடம்? மைதானம்தான்."

"அப்போ பிள்ளைங்க எங்க ஓடும்?"

"மாடிப்படி வருதில்ல? ஏறி இறங்கட்டும். அதுவும் உடம்புக்கு நல்லதுதான்."

அந்த மைதானத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கம் கோல் கம்பம் உண்டு, மறுபக்கம் கம்பத்துக்குப் பதிலாக இரண்டு கல். மழை பெய்தால் நடுவில் தண்ணீர் தேங்கும், வெயில் அடித்தால் மண் பறந்து வாய்க்குள் போகும். ஆனால் எந்தக் குழியில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்பதுவரை டிரில் மாஸ்டருக்கு அத்துப்படி. அது போய்விட்டால் தனக்கு இங்கே என்ன வேலை என்று பயந்தார். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. விளையாட்டு மணி அடித்ததும் நாற்பது பிள்ளைகளும் வகுப்பைவிட்டுக் கத்திக்கொண்டு பாய்ந்து வருமே, அந்தக் கத்தலெல்லாம் இனி எங்கே போகும் என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அப்போதுதான் கணக்கு டீச்சர் வாயைத் திறந்தார். அதிகம் பேசாதவர். பேசினால் ஒரு கணக்கு இருக்கும்.

"உள்ளங்கை அளவுல கம்ப்யூட்டர் இருக்கு டீச்சர். விலையும் ரொம்பக் கம்மி. வீட்ல பொழுதுபோக்கா நோண்டுறவங்களுக்குன்னு செஞ்சது. பழைய டிவியில மாட்டினா வேலை செய்யும். பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர அது தாராளமாப் போதும். கட்டடமெல்லாம் வேண்டாம், ஒரு ரூம் இருந்தா போதும்."

"ரூம் எங்க இருக்கு?"

"என் ரூம் இருக்கு!" என்று எழுந்து நின்றார் டிரில் மாஸ்டர். "விளையாட்டுச் சாமான் ரூம். பந்தையெல்லாம் மேல கட்டித் தொங்கவிட்டுடறேன். எடுத்துக்குங்க. பொறுப்பும் நானே எடுத்துக்கறேன்."

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கே தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பெரிய டீச்சர் மெல்லச் சிரித்தார். "சரி மாஸ்டர். பத்தாம் தேதி, ஆய்வாளர் கண்ணு முன்னாடி ப்ரோக்ராம் ஓடணும். ஓடுச்சுன்னா கட்டடம் வேண்டாம்னு நானே எழுதித் தரேன். ஓடலைன்னா மைதானத்தை மறந்துடுங்க."

"ஓடும்ங்க டீச்சர்." ஓடுவது என்றால் அவருக்குத் தெரியாததா?

கூட்டம் முடிந்ததும் கணக்கு டீச்சரைத் தாழ்வாரத்தில் பிடித்தார். "அந்தக் கம்ப்யூட்டர் பேரு என்னன்னு சொன்னீங்க?"

"பை சார்."

"பையா?"

"ஆமா சார், பை. வயரோட சேர்த்துக் கேளுங்க. வயர் இல்லாம வந்தா ஒண்ணும் பண்ண முடியாது."

இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கதையில் பத்தொன்பது நாள் மிச்சமாகியிருக்கும். கேட்கவில்லை. ஒருவேளை பைக்குள் போட்டுத் தருவார்கள் போலிருக்கிறது, அதனால் அந்தப் பேர் என்று தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, பள்ளி எழுத்தர் லீவில் இருந்ததால் தன் கைப்படவே கடிதம் எழுதினார். பொருள் வழங்கும் அலுவலகத்துக்கு. "ஐயா, எங்கள் மாணவர்களின் அறிவு வளர்ச்சிக்காக வயருடன் கூடிய பை பன்னிரண்டு அவசரமாகத் தேவைப்படுகிறது. ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்க வேண்டும்." கையெழுத்தும் முத்துமுத்தாக இருந்தது. அனுப்பிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

பத்தொன்பதாம் நாள் அட்டைப்பெட்டி வந்தது. ஆசிரியர் அறையில், எல்லோர் முன்னாலும், கத்தரிக்கோலால் நாடா வெட்டுவதுபோல வெட்டித் திறந்தார்.

உள்ளே பன்னிரண்டு வயர்ப் பைகள் இருந்தன. பிளாஸ்டிக் வயரில் பின்னி, சந்தைக்குக் கொண்டுபோவோமே, அதேதான். ஆனால் ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. சிவப்பில் நான்கு, பச்சையில் நான்கு, மஞ்சளில் நான்கு. கூடவே ஒரு கடிதம். "தாங்கள் கோரியபடி வயர்ப் பை பன்னிரண்டு அனுப்பியுள்ளோம். இவ்வளவு சிறியதாகப் பின்ன ஆள் கிடைக்காமல் தாமதமானதற்கு வருந்துகிறோம். இதனால் மாணவர்களின் அறிவு எவ்வாறு வளர்கிறது என்பதைத் தெரிவித்தால் மற்றப் பள்ளிகளுக்கும் அனுப்ப ஏதுவாக இருக்கும்."

பெரிய டீச்சர் ஒரு மஞ்சள் பையைச் சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்தார். "நல்லா இருக்கு மாஸ்டர். ப்ரோக்ராம் எந்தப் பக்கமா ஓடும்?"

ஆசிரியர் அறை குலுங்கியது. கணக்கு டீச்சர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரை ஓரமாக அழைத்துப்போனார். "பைன்னா அந்தப் பை இல்ல சார். வட்டத்தைப் பத்திக் கணக்குப் போடும்போது வருமே, மூணு புள்ளி ஒண்ணு நாலு, அந்தப் பை. அதோட பேரைத்தான் கம்ப்யூட்டருக்கு வச்சிருக்காங்க."

"வட்டத்துக்கெல்லாம் எனக்குப் பை எதுக்கு டீச்சர்? ஒரு குச்சி, ஒரு கயிறு, கொஞ்சம் சுண்ணாம்பு இருந்தா போட்டுடுவேன்," என்றார் அவர். பத்தாம் தேதிக்குப் பதினோரு நாள்தான் இருந்தது.

கணக்கு டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு காலத்தில் அவரும் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர்களை வைத்து நோண்டிய கூட்டத்தில் இருந்தவர். பழைய கூட்டாளிகளுக்கெல்லாம் போன் போட்டார். இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் ஒரு தனி ஜாதி. ஆசையாக வாங்குவார்கள், இரண்டு ராத்திரி தூங்காமல் ஒரு விளக்கை மினுக்க வைப்பார்கள், மூன்றாம் நாள் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அப்படித் தூங்கிக்கொண்டிருந்த பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் நாலே நாளில் ஒரு பிஸ்கட் டப்பாவில் வந்து சேர்ந்தன. டிரில் மாஸ்டர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். மேலும் கீழுமாகத் திருப்பினார்.

"மூடி எங்கங்க?"

"மூடி கிடையாது சார். வெறும் பலகைதான். சூடாகும், அதனால காத்துப் படணும். ஆனா பிள்ளைங்க கை படக் கூடாது."

டிரில் மாஸ்டர் போய் ஒரு பச்சை வயர்ப் பையைக் கொண்டுவந்தார். பலகை அதற்குள் அளவெடுத்துப் பின்னியதுபோல உட்கார்ந்தது. பின்னலுக்கு நடுவே காற்றும் போனது, வயரும் வந்தது. பார்த்தால் அவசரமாகச் சந்தைக்குக் கிளம்பிய கம்ப்யூட்டர்போல இருந்தது. பரவாயில்லை, கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று அவரே சொல்லிக்கொண்டார். நாலு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவருக்குச் சோறு இறங்கியது.

டிவிக்காக ஆசிரியர்கள் வீட்டையெல்லாம் துழாவினார்கள். பரணில் கிடந்த டப்பா டிவிகள், உட்கார்ந்தால் எழுந்திருக்க நாலு ஆள் வேண்டிய டிவிகள் எல்லாம் வந்தன. ஒன்று குறைந்தது. டிரில் மாஸ்டர் தன் வீட்டு டிவியையே தூக்கித் தோளில் வைத்தார்.

"டிவியைக் கொண்டுபோறீங்க, சரி. என்னையும் கூட்டிட்டுப் போயிடுங்க," என்றார் அவர் மனைவி. "அங்கயே ஒரு மூலையில உக்காந்து சீரியல் பார்த்துக்கறேன். உங்க கம்ப்யூட்டர் விளம்பரம் வரும்போது ஓடட்டும்."

இதெல்லாம் முடிந்தது. ஆனால் பாடம் நடத்த வேண்டியவருக்குப் பாடம் தெரிய வேண்டுமே. கணக்கு டீச்சர் சாயங்காலங்களில் அவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். டிரில் மாஸ்டர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். 'க' கிடைப்பதற்குள் காபி ஆறிவிடும். முதல் நாள் முடிவில் அவர் எழுதி முடித்தது 'நட' என்ற ஒரே சொல். இரண்டாம் நாள் சாயங்காலம் விசைப்பலகையைத் தள்ளிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"நமக்கு வராது டீச்சர். மூளைக்காரங்க சமாசாரம் இது."

"மூளையா? இதுக்கு மூளையே கிடையாது சார். இது ஒரு அடிமுட்டாள். சொன்னதை அப்படியே செய்யும். சொல்லாததைச் செய்யாது. நாம மனசுல நினைச்சதை ஒருநாளும் செய்யாது. அதனால ஒவ்வொண்ணா, வரிசையா, தெளிவாச் சொல்லணும். அவ்வளவுதான் ப்ரோக்ராம்."

டிரில் மாஸ்டர் தலையிலிருந்து கையை எடுத்தார். "இருங்க, இருங்க. நில், நட, இடப்பக்கம் திரும்பு. அப்படிச் சொல்றதா?"

"அப்படித்தான் சார்."

"அட, இது டிரில்!" என்று மேசையைத் தட்டினார். பிஸ்கட் டப்பா கீழே விழுந்தது. "இதைத்தானே நான் இருபத்திரண்டு வருஷமா கத்திட்டு இருக்கேன்!"

மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர் வகுப்பு மைதானத்தில் நடந்தது. விதி இதுதான்: ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பை. கட்டளை போட்டால் போட்டபடி செய்ய வேண்டும், தானாக யோசிக்கக் கூடாது. ஒரு ப்ரோக்ராம் ஓட ஆரம்பித்தால் நடுவில் யார் என்ன சொன்னாலும் காதில் வாங்கக் கூடாது. முடிந்தால் நிற்கலாம், இல்லாவிட்டால் விசில் அடித்தால் நிற்கலாம். முதலில் தரையில் ஓட்டிப் பார்ப்பது, சரியாக வந்தால் ரூமுக்குள் போய் அதையே தட்டுவது. திரையில் ஒரு குட்டி முக்கோணம் அதே கட்டளைக்கு அதேபோல நடக்கும்.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சொல்பேச்சைக் கேட்டுக்கொண்டே வாத்தியாரைப் பைத்தியமாக அடிக்க ஒரு வழி கிடைத்தால் எந்தப் பிள்ளை விடும்? "வலப்பக்கம் திரும்பு" என்று சொல்லி 'ஒரு தடவை' என்று சொல்ல மறந்தார், நாற்பதும் பம்பரமாகச் சுற்றின. "பந்தை எடு" என்றார், எடுத்தன. "போடு" என்றார், அவர் கால்மேல் போட்டன. இதில் முன்னணியில் நின்றது கேள்விக்குறி என்று பட்டப்பேர் வாங்கிய ஏழாம் வகுப்புப் பெண். "எத்தனை அடி சார்? எந்தக் காலை முதல்ல வைக்கணும் சார்? சுவர் வந்தா என்ன சார்?" என்று உயிரை எடுத்தாள். முதல் இரண்டு நாள் அவளை விரட்டினார். மூன்றாம் நாள் அவள் கேட்பதற்கு முன்னாலேயே எத்தனை அடி என்று தானே சொல்ல ஆரம்பித்தார். அதன்பிறகு அவர் போட்ட கட்டளைகள் திரையிலும் பிசகாமல் ஓடின. கணக்கு டீச்சர் பார்த்துவிட்டு, "சார், நீங்க ப்ரோக்ராமர்," என்றார். டிரில் மாஸ்டர் அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் அந்தச் சொல்லை மூன்று தடவை சொன்னார்.

பத்தாம் தேதி விடிந்தது.

ஆய்வாளர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். கோட்டுப் போட்டிருந்தார். நானூறு பள்ளிக்கூடங்களைப் பார்த்து ஒன்றும் பிடிக்காமல் போன முகம். பெரிய டீச்சர் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். சாமான் ரூமில் பந்துகள் மேலே தொங்க, கீழே பன்னிரண்டு டிவிகளும் பன்னிரண்டு பைகளும் தயாராக இருந்தன.

"போடுங்க," என்றார் ஆய்வாளர்.

பன்னிரண்டு பிள்ளைகள் அன்றைக்குத்தான் முதல்தடவையாக ஒரே நேரத்தில் பன்னிரண்டு டிவியையும் போட்டார்கள். அந்தச் சின்னக் கம்ப்யூட்டர்கள் மின்சாரத்தைக் கொறித்துத்தான் தின்னும். அந்தக் கிழட்டு டிவிகள் அப்படியில்லை, விருந்துக்கு வந்ததுபோலத் தின்னும். டப் என்று ஒரு சத்தம். கருகல் வாடை. ரூம் இருட்டாகிவிட்டது. ஆய்வாளர் ஒரு அடி எடுத்துவைத்தார், மேலே கட்டு அவிழ்ந்து விழுந்திருந்த ஒரு பந்து காலடியில் உருண்டது, அவர் ஏதோ ஒரு டிவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"ப்ரோக்ராம் ஓடுதா?" என்று இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது.

"பியூஸ் போச்சுங்க ஐயா," என்றார் பெரிய டீச்சர். குரலில் தேன் வழிந்தது. "இதுக்குத்தான் நல்ல கட்டடமா ஒண்ணு வேணும்கிறது. வரைபடத்தை வெளிச்சத்துல பார்க்கலாமுங்களா?"

தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன. "ஓடுதுங்க ஐயா!" என்று கத்தினார் டிரில் மாஸ்டர். "ப்ரோக்ராம் ஓடுது. வெளியில ஓடுது."

மைதானத்தில் நாற்பது பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஆய்வாளர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்.

"இது என்ன?"

"ஒவ்வொண்ணும் ஒரு பைங்க ஐயா."

"பையன்னு சொல்லுங்க. பொண்ணுங்களும் நிக்கறாங்களே?"

"அவங்களும் பைதாங்க ஐயா. நீங்களே ஒரு கட்டளை போட்டுப் பாருங்க."

ஆய்வாளருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "சரி. எல்லாரும் நேரா நடங்க," என்று சொல்லிவிட்டு, கதை முடிந்தது என்று பெரிய டீச்சர் பக்கம் திரும்பி வரைபடத்தை வாங்கினார். பேனாவைத் தேடி எடுத்தார். மூடியைக் கழற்றினார். நிமிர்ந்து பார்த்தால் மைதானம் காலியாக இருந்தது.

நாற்பதும் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. காவல்காரர் கேட்டை அகலத் திறந்து சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் நேராகத் தெருவில் இறங்கி, நேராக ஒரு சைக்கிள்காரரை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் கடந்து, நேராக எதிர்ச்சாரிக் கடைகளை நோக்கி நடந்தார்கள்.

"நில்லுங்க! ஏய், நில்லுங்க!" ஆய்வாளர் கோட்டு பறக்க ஓடினார். பெரிய டீச்சர் பின்னால் ஓடினார். யாரும் நிற்கவில்லை. ஆய்வாளர் கடைசி வரிசையை எட்டிப்பிடித்து, "நில்லும்மா, உன்னைத்தான்!" என்று கேள்விக்குறியிடம் மூச்சிரைத்தார்.

அவள் தலையைத் திருப்பாமலே நடந்தாள். "ஓடிட்டிருக்கும்போது நடுவுல சொன்னா ஏத்துக்காதுங்க ஐயா. விசில் அடிச்சாத்தான் நிக்கும்."

"விசில்! யாருகிட்ட விசில்?"

டிரில் மாஸ்டர் கேட்டருகே நின்றிருந்தார். விசில் கையில்தான் இருந்தது. ஒரு கணம் அந்தக் காட்சியை ஆசைதீரப் பார்த்துக்கொண்டார் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. பிறகுதான் ஊதினார். நாற்பதும் ஆணி அடித்ததுபோல நின்றன. அதற்குள் முதல் வரிசை முடிதிருத்தும் கடைக்குள் போயிருந்தது. பாதி கன்னம் மழித்த ஒருவர், தன் முன்னால் அட்டென்ஷனில் நின்ற ஆறு பிள்ளைகளைப் பார்த்து, "நான் எந்தத் தப்பும் பண்ணலைங்க," என்றார்.

எல்லோரும் மைதானத்துக்குத் திரும்பினார்கள். "பார்த்தீங்களா ஐயா, இதான் இவர் வகுப்பு. கட்டுப்பாடுங்கறதே கிடையாது," என்றார் பெரிய டீச்சர். ஆய்வாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். டிரில் மாஸ்டர் தரையைப் பார்த்தார். இந்த மண்ணை இன்னும் எத்தனை நாள் பார்க்கப்போகிறோம் என்று கண் கலங்கியது.

ஆய்வாளர் கேள்விக்குறியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"எத்தனை அடின்னு சொல்லலைங்க ஐயா."

"நேரா நடன்னா இவ்வளவு தூரம்னு தெரியாதா?"

"எனக்குத் தெரியும்ங்க ஐயா. பைக்குத் தெரியாது."

நானூறு பள்ளிக்கூடத்திலும் அவர் தப்பை அவரிடம் யாரும் எடுத்துச் சொன்னதில்லை. ஆய்வாளர் கோட்டைக் கழற்றினார். அதைப் பெரிய டீச்சர் கையில் கொடுத்தார்.

"முதல்லருந்து வரட்டும். இந்தத் தடவை விட மாட்டேன்."

அவருக்கு ஒரு வட்டம் வேண்டுமாம். நாற்பது பிள்ளைகளும் வட்டமாக ஓடி, தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான், சின்ன ஆசை. முதல் தடவை சதுரம் வந்தது. இரண்டாவது தடவை வட்டம் மாதிரி ஆரம்பித்து, நிறுத்தச் சொல்ல மறந்ததால் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை முட்டை. நாலாவது தடவை என்ன உருவம் என்று கணக்கு டீச்சராலேயே சொல்ல முடியவில்லை. "அடியைக் குறைங்க ஐயா, திரும்பறதையும் கொஞ்சமா வைங்க," என்றார் டிரில் மாஸ்டர். "நீங்க சும்மா இருங்க மாஸ்டர், நானே கண்டுபிடிக்கறேன்," என்றார் ஆய்வாளர். சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகளை முறைவைத்துச் சாப்பிட அனுப்பினார், தான் போகவில்லை. கூட்டிப்போக வந்த வண்டி ஹாரன் அடித்து அலுத்துத் தூங்கிவிட்டது. சுண்ணாம்புக் கட்டியால் சுவரெல்லாம் எழுதினார், அழித்தார். சந்தேகம் வந்தபோது தானே வரிசையில் நின்று ஓடிப் பார்த்தார்.

நாலு மணிக்கு வட்டம் வந்தது. ஓரடி நட, ஒன்பது பாகை திரும்பு, இதை நாற்பது தடவை செய், நில். குச்சியும் கயிறும் வைத்துப் போட்டதுபோல ஒரு வட்டம். அதற்குள் பியூஸையும் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் ஓடிப்போய், இந்தத் தடவை டிவிகளை ஒவ்வொன்றாகப் போட்டு, அதே நாலு வரியைத் தட்டினார்கள். பன்னிரண்டு திரையிலும் பன்னிரண்டு குட்டி முக்கோணம் ஆய்வாளரின் வட்டத்தைச் சுற்றி வந்து நின்றன.

"இது நான் எழுதினது," என்றார் அவர். முகத்தில் மண், சட்டையில் சுண்ணாம்பு. "நான் எழுதினதுதானே இது?"

"நீங்க எழுதினதேதாங்க ஐயா," என்றார் டிரில் மாஸ்டர்.

பெரிய டீச்சர் விடுவாரா? காலையிலிருந்து தூக்கிச் சுமந்த கோட்டையும் வரைபடத்தையும் ஒன்றாக நீட்டினார். "கையெழுத்துங்க ஐயா."

"எங்க கட்டப்போறீங்க?"

"மைதானத்துலதாங்க. காலையிலேயே சொன்னேனே."

ஆய்வாளர் வாசல் பக்கம் திரும்பி, மண்ணில் நாற்பது ஜோடிக் கால்கள் போட்டுவைத்திருந்த வட்டத்தைப் பார்த்தார். "இங்கயா? இங்க கட்டிட்டா என் ப்ரோக்ராம் எங்கங்க ஓடும்?"

வரைபடத்தை மடித்துப் பெரிய டீச்சர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் கோப்பில் எழுதினார். "இப்பள்ளியில் கணினி ஆய்வகம் ஏற்கெனவே இயங்கி வருகிறது. இடம்: மைதானம். காற்றோட்டம் மிக நன்று. நாற்காலிகள் தேவையில்லை." முத்திரையைக் குத்தினார். டிரில் மாஸ்டர் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவுவதுபோல ரொம்ப நேரம் நின்றார். அழுகையைத் தண்ணீரோடு சேர்த்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைப்பு. எல்லோருக்கும் தெரிந்தது.

அதோடு தொல்லை விட்டதா? கோப்பில் கணினி ஆய்வகம் என்று ஏறிவிட்டால் கணினி ஆய்வகத்துக்கு உரியதெல்லாம் வந்துதானே சேரும். மறுமாதம் இரண்டு பேர் வண்டியில் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், மைதானத்து வாசலில் குழி தோண்டி இரும்புப் பலகை ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள். எல்லா ஆய்வகத்துக்கும் வைக்கிற அதே பலகை. "காலணிகளை வெளியே விடவும். உள்ளே ஓடக் கூடாது."

"மேலிடத்துப் போர்டு மாஸ்டர்," என்றார் பெரிய டீச்சர். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்கொள்ளாமல் சிரித்தார். "மீறினா நான் பொறுப்பில்லை. நடக்கச் சொல்லிக்குடுங்க. மெதுவா."

விளையாட்டு மணி அடித்தது. நாற்பதும் கத்திக்கொண்டு வந்து, பலகையைப் பார்த்து, செருப்பையும் ஷூவையும் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றன. டிரில் மாஸ்டரும் தன் ஷூவைக் கழற்றினார். பலகையை ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். மைதானம் மிஞ்சியது, ஓட்டம் போய்விட்டதே என்று நினைத்தார்.

"சார், ஓடக் கூடாதுன்னு போட்டிருக்கே சார்?" என்றாள் கேள்விக்குறி.

அவர் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

"நாம எங்கம்மா ஓடறோம்? ப்ரோக்ராம்தானே ஓடுது."

விசிலை ஊதினார். நாற்பது ப்ரோக்ராமும் வெறுங்காலோடு, வாய்விட்டுக் கத்திக்கொண்டு, பின்சுவர்வரைக்கும் ஓடின.